நான் கொட்டச் சொன்ன ரத்தம்

மார்ச் 3, செவ்வாய்

பேத்திக்குக் காய்ச்சல் விட்டு ஐந்து மாதம். போன காது திரும்பவில்லை. உள்காதில் முடி முடியாக ஏதோ இருக்குமாம், காய்ச்சல் அதைத் தின்றுவிட்டதாம், தானாக முளைக்காதாம். டாக்டர் படம் போட்டுக் காட்டினார். ஸ்டெம் செல் என்று தொப்புள்கொடி ரத்தத்தில் இருக்குமாம், அதை ஏற்றிப் பார்க்கலாம், புது வைத்தியம், உறுதி சொல்ல முடியாது என்றார்.

"பிறந்தப்போ தொப்புள்கொடி ரத்தம் எடுத்து வெச்சீங்களா?"

"வெச்சிருக்கோம் டாக்டர்," என்றாள் மருமகள். "பத்திரமா இருக்கு."

நான் குனிந்து பேத்தியின் செருப்பு வாரைச் சரிசெய்தேன்.

அன்றே, மாலை

எனக்கு மறதி கிடையாது. ஆறு வருஷத்துக்கு முன்னால், பிள்ளையை என் கையில் கொடுக்கும் முன்னே, கொடி ரத்தம் சேர்த்து வைக்கிற கம்பெனியின் பெட்டி எங்கே என்றுதான் கேட்டாள் இவள். அது ஆறவேயில்லை. போன ஜூனில் இவள் குளிக்கப் போயிருந்தபோது இவளுடைய போன் அடித்தது. கம்பெனிக்காரி. "பாப்பாவோட ரத்தத்தைத் தொடர்ந்து வெச்சிக்கலாமா மேடம்?" நான் இவள் குரலில், "வேணாம், கொட்டிடுங்க" என்றேன். மறுபடி கேட்டாள். மறுபடி சொன்னேன்.

ஐயோ, என்ன காரியம் பண்ணித் தொலைச்சேன்.

மார்ச் 5

சோறு இறங்கவில்லை. பேத்தி பக்கத்தில் உட்கார்ந்து படம் வரைகிறாள். மருமகளை நான் வாய்க்குள் திட்டுவது இங்கே உட்கார்ந்துதான் — பிள்ளைக்குத்தான் கேட்காதே. இன்று வாய் வரவில்லை. யாரைத் திட்ட?

மார்ச் 6

நாளைக்கு அந்தக் கம்பெனிக்குப் போகிறார்களாம். அங்கே போய் 'இல்லை' என்று கேட்டால் இவள் தாங்குவாளா? மகன் என்னைத் துரத்தட்டும். பிள்ளை காது?

மார்ச் 7, சனி

காலையிலேயே மருமகளிடம் சொல்லிவிட்டேன். பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தாள். குழாயை மூடினாள்.

"தெரியும் அத்தை."

"என்ன தெரியும்?"

"கையெழுத்து இல்லாம கொட்ட மாட்டாங்க. அன்னிக்கு சாயங்காலமே எனக்குக் கூப்பிட்டு, நீங்க பேசினதைப் போட்டுக் காட்டினாங்க. என் குரலாம் அது!"

சிரித்தாள். பிறகு முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள்.

ஒன்பது மாதம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. நானாக இருந்தால் தெருவையே கூட்டியிருப்பேன்.

மார்ச் 19

பேத்திக்கு ஏற்றியாயிற்று. ஊசி குத்திய கை வீங்கியிருக்கிறது. பயமாக இருக்கிறது.

மே 20

ஒன்றும் இல்லை. தட்டைக் கீழே போட்டுப் பார்த்தேன். பேத்தி திரும்பவில்லை.

செப்டம்பர் 10

பாலைப் பொங்கவிட்டு போனில் பேசிக்கொண்டிருந்தாள் மருமகள். அடுப்பைத் துடைத்துக்கொண்டே வாய்க்குள் நாலு வார்த்தை விட்டேன். பேத்தி என் முதுகுக்குப் பின்னால் வரைந்துகொண்டிருந்தாள்.

"பாட்டி, அம்மாவைத் திட்டாதீங்க."

துணி கையிலேயே நின்றது. திரும்பாமல், இன்னும் சன்னமாக, இன்னொரு தடவை திட்டிப் பார்த்தேன்.

"சொன்னேன்ல?" என்றாள்.