குமரன்ரை படம்

ஆவணி, சனிக்கிழமை

இண்டைக்குக் குமரன்ரை நாவல் படமாய் வந்ததை மனுசியோடை போய்ப் பாத்தன். கிணறுகளுக்கெல்லாம் அரசாங்கம் பூட்டுப் போடுற ஒரு காலத்தைப் பற்றின கதை. நானும் அவனும் ஒண்டாய்த்தான் எழுதத் தொடங்கினனாங்கள். என்ரை கதையைப் படமெடுக்க ஆரும் கேக்கேல்லை.

தியேட்டர் வாசலிலை ஒருத்தர், "நல்ல புத்தகத்தைக் கெடுத்துப்போட்டாங்கள்" எண்டார். எனக்கு மனம் குளிர்ந்தது. பக்கத்திலை ஒரு பெட்டை, "கடைசிக் காட்சியிலை எனக்கு மூச்சே நிண்டிட்டுது" எண்டாள். குளிர்ச்சி போச்சு.

குமரன் ஓடி வந்தான். "மச்சான், நீயெண்டால் உண்மையைச் சொல்லுவாய். படம் எப்பிடி?"

"சரியான இழுவையடா" எண்டன். அவன்ரை முகம் வாடிப்போச்சு.

உடனை மனுசி, "பொய் அண்ணை! உள்ளுக்கை இவர் அழுதவர்" எண்டாள்.

அவன் என்னைக் கட்டிப்பிடிச்சான்.

இந்தக் கதை எனக்கு வரேல்லையே எண்டுதான் அழுதனான். அதை ரெண்டு பேருக்கும் சொல்லேல்லை.