கருவாலுக்கு வழிவிடுங்கள்

ஜனவரி 8

கருவாலின் காதில் மறுபடியும் ரத்தம். கடித்தது அவளைப் பெற்ற ஓநாயேதான். இணைசேரும் பருவம், வளர்ந்த மகள் கூட்டத்தைவிட்டுக் கிளம்ப வேண்டிய நேரம். காட்டில் என்றால் போயிருப்பாள். இந்த விலங்குப் பூங்காவில் எங்கே போவாள்? சுற்றிலும் கம்பிவேலி.

மேலாளரிடம் சொன்னேன். "தலைமைக்குப் போட்டிம்மா அது. இயற்கையில நாம தலையிடக்கூடாது" என்றார்.

வேலி மட்டும் இயற்கையாக முளைத்ததா?

ஜனவரி 11

இறைச்சியை மூலைக்கு மூலை பிரித்துப் போட்டேன். சண்டையே இல்லை. மேலாளர் பார்த்துவிட்டார். ஒரே குவியலாகக் கொட்ட வேண்டுமாம். "ஜனங்க என்ன, அதுங்க மெல்லுறதைப் பாக்கவா வர்றாங்க?"

ஜனவரி 12

குவியலாகத்தான் கொட்டினேன். வேலை வேணுமே. சீ.

ஜனவரி 15

கம்பெனி அதிகாரிகள் சிலர் வந்தார்கள். ஓநாயிடம் தலைமைப்பண்பு கற்கிறார்களாம்! விளக்கம் சொல்வது என் வேலை. நீண்ட கால், ஒடுங்கிய மார்பு, அகன்ற பாதம் — நெடுந்தூரம் ஓடுவதற்கென்றே லட்சக்கணக்கான வருஷங்களில் உருவான உடம்பு என்றேன். கொட்டாவி விட்டார்கள்.

"இதுல தலைவன் யாரு?"

"அப்படி யாரும் இல்ல சார். அது அப்பா, அது அம்மா, மத்ததெல்லாம் பிள்ளைங்க."

"ஓரமா நடுங்குதே, அது?"

"மூத்த பொண்ணு. வெளிய போக வழியில்லாம கடி வாங்குது."

"நம்ம ஆபீஸ் மாதிரியே இருக்கே" என்று ஒருவர் முணுமுணுத்தார். மேலாளர் முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது.

ஜனவரி 16

"கதாநாயகனைக் காட்டச் சொன்னா குடும்பப் படம் ஓட்டிட்டு வந்திருக்க!" என்று மேலாளர் கத்தினார்.

இனி நான் விளக்கம் சொல்லக்கூடாது. கூண்டு கழுவ வேண்டும்.

ஜனவரி 20

கருவாலின் பின்னங்கால் சதை கிழிந்து தொங்குகிறது. தம்பி தங்கைகளும் சேர்ந்து கடித்திருக்கின்றன. "இன்னொரு தடவை உள்ள விட்டா பொணமாத்தான் எடுப்பீங்க" என்று டாக்டரம்மா மேலாளரிடம் நேராகவே சொன்னார். கருவாலைத் தனி அறைக்கு மாற்றிவிட்டார்கள்.

நானும் இதைத்தானே கத்தினேன்? டாக்டர் சொன்னால் அறிவு, நான் சொன்னால் வாய்.

மார்ச் 6

கருவாலை வேறொரு பூங்காவுக்கு அனுப்பிவிட்டார்கள். அங்கே துணையில்லாத ஆண் ஒன்று இருக்கிறதாம்.

மார்ச் 24

அந்தப் பூங்காவுக்குப் போன் செய்தேன். "உங்க பொண்ணா? கொஞ்சம் நொண்டுறா. ஆனா அவன்கூடத்தான் சுருண்டு படுக்கறா. காலையில ரெண்டும் ஊளையிட ஆரம்பிச்சா எங்க காதுதான் போகுது!" என்றார் பராமரிப்பாளர்.

இங்கே வேலியில் புதுப்பலகை மாட்டியிருக்கிறார்கள்: 'தலைமைப் போரில் தோற்று நாடு கடத்தப்பட்டவள் கருவால்.' அதைத் துடைப்பதும் என் வேலைதான். 'தோற்று' என்ற சொல்லின் மேல் காக்கை எச்சம் போட்டிருந்தது. அதை அப்படியே விட்டுவிட்டு, வாளியைத் தூக்கிக்கொண்டு அடுத்த கூண்டுக்குப் போனேன்.