நுரை அடங்கிய தண்ணீர்

குவைத்,
10-8-1961

அம்மணி பழனியாத்தாளுக்கு,

நான் சுகம். உன் சுகத்துக்கு எழுது.

இங்கே கடலையே காய்ச்சுகிறார்கள், கண்ணு. இரும்பு அறைகள் வரிசையாக நிற்கின்றன. சூடாக்கிய கடல்நீர் ஒன்றிலிருந்து அடுத்ததற்குப் போகப் போக, அடியில் நெருப்பே இல்லாமல் தானாகக் கொதிக்கிறது. ஆவி குளிர்ந்து நல்ல தண்ணீராக விழுகிறது. முதல் நாள் பார்த்தபோது கையெடுத்துக் கும்பிட்டுவிட்டேன். அறையில் பதித்த கண்ணாடி வழியாக நுரையைக் கவனிப்பது என் வேலை. நுரை ஏறினால் உப்பும் கூட ஏறி நல்ல தண்ணீரைக் கெடுத்துவிடும். உடனே நுரை அடக்கும் மருந்து விட வேண்டும்.

நம் கிணற்று உப்புத்தண்ணிக்காகத்தானே அம்மாவோடு சண்டை போட்டுக்கொண்டு உன் பொறந்த ஊட்டுக்குப் போனாய்? இங்கே வா. வீடு தருகிறார்கள். தை மாதம் பம்பாயிலிருந்து கப்பல் இருக்கிறது.

வேலுமணி

கோயமுத்தூர்,
4-9-1961

அன்புள்ள மாமாவுக்கு,

கடலைக் காய்ச்சுகிறார்களா? அப்பாவுக்கும் படித்துக் காட்டினேன். நீங்கள் புளுகுவதாக அப்பா சொல்கிறார்.

கிணற்றுத் தண்ணிக்கே ஓடி வந்தவளைக் கடல் தண்ணி குடிக்கக் கூப்பிடுகிறீர்களே, நல்ல நாயம். "உப்புத்தண்ணி எறங்காதவளுக்கு இந்த ஊட்டுல என்ன வேல?" என்று அத்தை கேட்டது இன்னும் காதில் இருக்கிறது. அந்தத் தண்ணியை இனி நாக்கில் வைக்கமாட்டேன் என்று சொல்லித்தானே வந்தேன். உங்கள் தண்ணியையும் ருசி பார்க்காமல் கப்பல் ஏறமாட்டேனுங்க.

நுரைக்கு மருந்து எதற்கு? வெல்லக் கொப்பரை பொங்கினால் ரெண்டு சொட்டு விளக்கெண்ணெய் விட்டால் அடங்கிவிடுமே.

பழனியாத்தாள்

குவைத்,
15-10-1961

கண்ணு,

உன் பேச்சைக் கேட்டு வேலையே போகப் பார்த்தது. மருந்து வரத் தாமதமாகி, நுரை கண்ணாடியை மறைத்து ஏறியது. தலைக்கு வைத்திருந்த விளக்கெண்ணெயை ஊற்றிப்போட்டேன். நுரை சொன்னபடி கேட்டது. தண்ணீரெல்லாம் விளக்கெண்ணெய் வாடை! அத்தனையையும் திரும்பக் கடலில் விட்டார்கள். துரை கத்தித் தீர்த்துவிட்டுப் பிறகு சிரித்தார், பிழைத்தேன்.

மருந்து வந்தபின் பிடித்த தண்ணீர் ஒரு பாட்டில், லீவில் ஊருக்கு வரும் கூட்டாளி செங்கோட்டையனிடம் கொடுத்திருக்கிறேன். ஒன்று சொல்கிறேன், கோபிக்காதே. அதில் ருசியே இருக்காது. குடிக்கக் கொடுக்கும் முன் பாலைவனக் கிணற்று உப்புத்தண்ணியைக் கொஞ்சம் கலக்கிறார்கள். அப்போதுதான் தொண்டையில் இறங்குகிறது. நான் அனுப்பியது கலக்காதது.

வேலுமணி

20-11-1961

மாமாவுக்கு,

பாட்டில் வந்தது. திறக்கவே மனம் வரவில்லை. அப்பா தொட்டுத் தொட்டுப் பார்த்தார். ஒரு வாய் குடித்தேன். உப்பும் இல்லை, இனிப்பும் இல்லை. அவ்வளவு பெரிய கடல் இப்படி ஒன்றுமே இல்லாமல் நாக்கில் இறங்கியதும் உடம்பெல்லாம் சிலிர்த்தது.

மறுநாள் பாட்டிலோடு பல்லடம் பஸ் ஏறி நம் தோட்டத்துக்குப் போனேன். அத்தை வாசலில் ராகி காயப்போட்டுக்கொண்டிருந்தார்கள். உங்கள் பையன் கடலிலிருந்து எடுத்தது என்று கொடுத்தேன். வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்கள். குடித்துவிட்டு, "சப்புனு இருக்குது கண்ணு" என்றார்கள். நானே போய்க் கிணற்றில் சேந்தினேன். ஒரு கை அள்ளிக் கலந்து, ரெண்டு பேரும் பங்கிட்டுக் குடித்தோம். நன்றாகத்தான் இருந்ததுங்க. அத்தை அழுதுபோட்டார்கள்.

தை மாதக் கப்பலுக்குச் சொல்லி வையுங்கள். அதுவரை அத்தையோடுதான் இருப்பேன். வரும்போது இந்தக் கிணற்றுத் தண்ணி ஒரு செம்பு கொண்டு வாரேன்.

பழனியாத்தாள்,
நம் தோட்டத்திலிருந்து