முதலில் போட வேண்டிய கட்டளை

செவ்வாய், இரவு.

இன்று காலை என் மகள் மீனா வீட்டிலிருந்தே தன் கம்பெனியின் தஞ்சாவூர் கிளையில் இருக்கும் இணைய ரவுட்டருக்குக் கட்டளைகள் அடித்துக்கொண்டிருந்தாள். தவறினால் தானே பழைய நிலைக்குத் திரும்பும்படி முதலில் ஒரு கட்டளை போட வேண்டுமாம். "அதைப் போட்டுடறேன் சார்" என்றாள். "அதுக்கெல்லாம் நேரம் இல்லம்மா, நேரா அடி" என்று மேலாளர் ஸ்பீக்கரில் சொன்னது என் காதிலும் விழுந்தது. அடித்தாள். இணைப்பு அறுந்தது. சாவியை உள்ளே வைத்துவிட்டுக் கதவைச் சாத்தியது போலத்தான். இனி நேரில் போனால்தான் திறக்கும்.

"யாரைக் கேட்டு அடிச்சீங்க?" என்றார் அதே மனிதர், போனில் சேர்ந்திருந்த ஆபீஸ்காரர்கள் எல்லோர் காதிலும் விழும்படி. அவள் வேலையை நிரந்தரமாக்குவது அவர் கையில். "சாரி சார்" என்றாள்.

காட்டூரில் தஞ்சாவூர் பஸ் ஏறிப் போனாள். சாயங்காலம் போன் வந்தது. "சரி பண்ணிட்டேன்பா. சார்தான் சரி பண்ணினாராம், எல்லாருக்கும் மெயில் போட்டிருக்கார்" என்று சிரித்தாள்.

வாத்தியாராக இருந்தபோது பரீட்சையில் காப்பியடித்த பையன்களை எத்தனையோ முறை மன்னித்திருக்கிறேன். அவர்கள் பக்கத்துப் பையனின் விடையைத்தான் எடுத்தார்கள். தங்கள் தப்பை அவன் தாளில் எழுதி வைக்கவில்லை.

நாளைக் காலையும் மீனா அவருக்கு 'குட் மார்னிங் சார்' சொல்லித்தான் ஆக வேண்டும்.