இவரும் எண்ணெயும் கிளச்சும்

செப்டம்பர் 21, சனி
புரட்டாதிச் சனி. இவர் காலையில் தலை முதல் உள்ளங்கால் வரை நல்லெண்ணெய் பூசி முழுகி, கோயிலில் எள்ளெண்ணெய் எரித்து, பக்தியோடு வானை ஓட்டிக்கொண்டு வந்து சேர்ந்தார். சனீஸ்வரன் குளிர்ந்தாரோ தெரியாது, சாரதிப் பக்கத்துக் கால்விரிப்பு நன்றாகக் குளிர்ந்திருந்தது. எண்ணெய். அந்தச் சப்பாத்தாலேயே நான் துவைத்துக் கொடுக்கிற சிஞ்ஞோரா எமிலியானாவின் பெட்சீற் மூட்டையிலும் ஒரு மிதி. இந்த ஊர் அம்மா, சுற்றுலாக்காரருக்கு அறை விடுகிறவ. வெள்ளையைத் தவிர வேறெதையும் விரிக்கமாட்டா.

கேட்டால், "நான் ஊத்தேல்லை" என்கிறார். அப்ப ஆர், சனீஸ்வரனோ?

செப்டம்பர் 23, திங்கள்
கிளச் பஞ்சு மாதிரி அமுங்குதாம். கதையை மாத்திறதிலை ஆள் கெட்டிக்காரர்.

செப்டம்பர் 25, புதன்
சிஞ்ஞோரா கூப்பிட்டு, துவைத்தும் போகாத சப்பாத்து அடையாளத்தைக் காட்டினா. இன்னொரு தடவை எண்ணெய் பட்டால் பெட்சீற் வேலைக்கு வேறு ஆள் பார்ப்பாவாம். வெட்கத்தில் எண்ணெய் முழுக்கைப் பற்றி உளறிவிட்டேன். சலாட்டுக்கு ஊற்றுகிற எண்ணெயா என்று கேட்டா. ஓம் என்றேன். வேறென்ன சொல்ல?

இந்த வேலை போனால் திரும்பவும் வீடு வீடாகப் படி துடைக்க வேண்டும். என் முழங்கால் இனித் தாங்காது.

செப்டம்பர் 28, சனி
முழுக்குக்குத் தடை போட்டேன். கலியாணம் கட்டிய நாளிலிருந்து முதல் முறையாக ஆள் சனிக்கிழமையில் வெறும் சாம்பூ போட்டுக் குளித்தார். சோற்றுக்கு முன்னால் இருந்த இருப்பு செத்த வீடு மாதிரி. கோயில் எண்ணெய்ப் போத்தலையும் பஸ்ஸில் கொண்டுபோகச் சொன்னேன்.

பின்னேரம் வானைத் திறந்தால் — ஈரம். களவாகப் பூசியிருக்கிறார்! படுத்திருந்தவரின் தலையை மெதுவாகக் குனிந்து மணந்து பார்த்தேன். சாம்பூவின் ஆப்பிள் வாசம். கண்ணைத் திறந்து, "என்னப்பா செய்யிறீர்?" என்றார். பேன் பார்த்தேன் என்றேன்.

ஒக்ரோபர் 1, செவ்வாய்
கபோச் சந்தை ஒழுங்கைக்குள் வான் நின்றுவிட்டது. கியர் விழவில்லை. கிளச் பெடல் கீழே போனது போனதுதான். இவர் சப்பாத்து நுனியால் கொளுவி மேலே இழுக்கிறார். முன்னால் மீன்பெட்டி, பின்னால் ஸ்கூட்டர்கள். ஒலிவ் விற்கிறவன், மீன் வெட்டுகிறவன் எல்லாரும் தலையை உள்ளே விட்டு வைத்தியம் சொன்னார்கள். பெடலை மிதித்து மிதித்து ஒருவாறு கியரைப் போட்டார்.

"பாரும், நான் சொன்னனான்" என்றார். எண்ணெய்க் கால் வழுக்கினால் கியர் எப்படி விழும் என்று அவர் வாயை அடைத்தேன்.

ஒக்ரோபர் 2, புதன்
இன்றைக்குக் கையும் களவுமாகப் பிடிக்கிற நாள். இவர் பஸ்ஸில் வேலைக்குப் போனதும் கால்விரிப்பைத் துடைத்து, மேலே வெள்ளை டிஸ்யூ பரப்பி, வானைப் பூட்டித் திறப்பை இடுப்பில் செருகிக்கொண்டேன். இவர் ஏறமுதல் வெள்ளை, ஏறினபிறகு எண்ணெய் — அதுதான் என் சாட்சி.

இவர் வரமுன் ஒருக்கால் திறந்து பார்த்தேன். டிஸ்யூ நனைந்திருக்கிறது. ஒருவரும் ஏறவில்லை.

குனிந்து கிளச் பெடலைக் கையால் அமத்தினேன். அதோடு சேர்ந்த கம்பி வழியே ஒரு துளி வந்து என் கண்முன்னாலேயே சொட்டியது. மணந்தேன். எள் வாசமே இல்லை.

ஐயோ. பாவம் மனிசன்.

ஒக்ரோபர் 3, வியாழன்
மேல்மாடி மார்க், மொறீசியஸ்காரன், கராஜில் வேலை. வந்து பார்த்தான். பெடலை அமத்தும்போது கிளச்சுக்கு எண்ணெயைத் தள்ளுகிற சின்னப் பம்பில் றப்பர் தேய்ந்து ஒழுகுதாம். உள்ளே காற்றும் போய்விட்டதாம். புதுப் பம்ப் போட்டான். காற்றை எடுக்க இரண்டு பேர் வேண்டும். இவர் கீழே படுத்துத் திருகாணியைத் திறந்து பூட்ட, நான் மேலே பெடலோடு.

"அமத்தும்." அமத்தினேன். "பிடியும்." பிடித்தேன். "விடும்."

என் சீவியத்தில் நான் இப்படி இவர் சொல்வழி கேட்டதில்லை. கால் கடுக்கும்வரை செய்தேன். கீழே காற்றுக் குமிழி வருவது எப்பவோ நின்றுவிட்டது என்று மார்க் பிறகுதான் சொன்னான்.

ஒக்ரோபர் 4, வெள்ளி
சுத்தமான மூட்டையோடு பழைய பம்பையும் கொண்டுபோய்ச் சிஞ்ஞோராவுக்குக் காட்டினேன். வேலை தப்பியது. மனிசனிடம் மன்னிப்புக் கேட்டாயா என்றா. பேச்சை மாற்றினேன்.

ஒக்ரோபர் 5, சனி
நானே நல்லெண்ணெய் சூடாக்கி, நானே இவர் தலையில் தேய்த்தேன். மன்னிப்பு என்ற சொல் வாயில் வரவில்லை. கைதான் கொஞ்சம் கூடவே தேய்த்தது.

கால்விரிப்பு காய்ந்திருக்கிறது. இவர் படுத்த தலையணை உறைதான் முழுக்க எண்ணெய். பார்த்தேன். நானே கழற்றித் துவைக்கப் போட்டேன்.