சாமி விளக்கின் பியூஸ்

வெள்ளகோவில்,
செவ்வாய்க்கிழமை.

என் மாமாவுக்கு, அன்புக்கரசி எழுதுவது. நானும் நவ்யாவும் சுகம். மஸ்கட்டில் உங்கள் உடம்புக்கும் ஒரு குறையும் வராமல் சிவன்மலை முருகன் பார்த்துக்கொள்ளட்டும்.

தினமும் போனில் பேசுகிறவளுக்குக் கடிதம் எதற்கு என்று சிரிப்பீர்கள். போனில் நீங்கள் சாப்பிட்டாயா என்பீர்கள், நான் ஆச்சுங்க என்பேன், அதற்குள் நவ்யா போனைப் பிடுங்கிக்கொண்டு ஓடிவிடுவாள். சொல்ல வேண்டியது அப்படியே நின்றுவிடுகிறது. சென்னியப்பன் அண்ணன் லீவு முடிந்து வெள்ளிக்கிழமை அங்கே புறப்படுகிறார். அவரிடம் பருப்புப் பொடியோடு இதையும் கொடுத்துவிடுகிறேன். பொடியை ரூமில் இருப்பவர்களுக்கெல்லாம் வாரிக் கொடுத்துவிடாதீர்கள்.

மாமா, நான் ஒரு தப்பு செய்துவிட்டேன். முழுக்கப் படித்துவிட்டு அப்புறம் கத்துங்கள்.

நீங்கள் கிளம்பிய அன்று காலையில், காரில் முருகனுக்கு முன்னால் ஒரு சின்னச் சிவப்பு விளக்கு வைத்தீர்களே, நீங்கள் திரும்பி வரும் வரைக்கும் அது அணையவே கூடாது என்று நான் அழுது பிடிவாதம் பிடித்தேன். சாவியை எடுத்தாலும் எரிகிற மாதிரி பேட்டரியிலிருந்து நேராக ஒயர் இழுக்கக் கூடாது என்று ஊரையே திட்டுகிற எலக்ட்ரீஷியன் நீங்கள், பெண்டாட்டி அழுகிறாளே என்று அதையே செய்தீர்கள். "வண்டியத் தெனமும் எடு அம்மணி, இல்லீனா பேட்டரி படுத்துக்கும்" என்று மட்டும் சொன்னீர்கள். தினமும் எடுத்தேன். நவ்யாவைப் பள்ளியில் விட்டுவிட்டு எண்ணெய் மில்லுக்கு வேலைக்குப் போகும்போதெல்லாம் அதைப் பார்த்துக்கொண்டேதான் போவேன். இரண்டு வருஷத்தில் ஒரு நாள்கூட அணையவில்லை.

இந்த வெயிலில் பின் சீட்டில் பிள்ளை வெந்துபோகிறாள். ஏசியும் ஓடவில்லை. தாராபுரத்தில் ஒரு கடையில் சின்ன ஃபேன் மாட்டச் சொன்னேன். அந்த மனிதர் விளக்குக்குப் போகிற மெல்லிசு ஒயரிலேயே ஃபேனையும் போன் சார்ஜரையும் முறுக்கி டேப் சுற்றிக் கொடுத்துவிட்டார். வீடு வந்து சேர்வதற்குள் பியூஸ் போய்விட்டது. ஃபேன் நின்றது எனக்கு உறைக்கவே இல்லை. விளக்கு அணைந்துவிட்டது மாமா.

அதற்கு முந்தின நாள்தான் நீங்கள், கம்பெனியில் இன்னும் இரண்டு வருஷம் இருக்கச் சொல்கிறார்கள், மாசக் கடைசிக்குள் கையெழுத்துப் போடணும் என்று பட்டும் படாமல் சொன்னீர்கள். நானும் "உங்க இஷ்டமுங்க" என்று சொல்லித் தொலைத்தேன். மறுநாளே விளக்கும் அணைந்தால் எனக்கு எப்படி இருக்கும்? வேறு பியூஸ் போட்டேன், அதுவும் போனது. கடைசியில் நவ்யாவின் சாக்லேட் வெள்ளித்தாளை மடித்து பியூஸ் இருந்த இடத்தில் செருகினேன். விளக்கு எரிந்தது. கன்னத்தில் போட்டுக்கொண்டேன். நீங்கள் பல்லைக் கடிக்கும் சத்தம் இங்கே கேட்கிறது.

மூன்றாம் நாள் காங்கயம் ரோட்டில் போகும்போது டேஷ்போர்டுக்கு அடியிலிருந்து குபுகுபுவென்று புகை. நவ்யாவுக்கு ஒன்றும் ஆகவில்லை, சத்தியமாக ஒன்றும் ஆகவில்லை. வண்டியை ஓரம் கட்டி அவளை வெளியே இழுத்து நிறுத்தினால், ஸ்கூல் பேக் உள்ளே இருக்கிறது என்று மறுபடி ஓடப் பார்த்தாள், சடையைப் பிடித்து இழுத்தேன். பின்னால் வந்த லாரி டிரைவர் ஓடிவந்து பேட்டரி ஒயரைக் கழற்றினார். இரண்டு வாரமாக இதை உங்களிடம் மறைத்தேன். பிள்ளையையும் சொல்லாதே என்று மிரட்டி வைத்திருக்கிறேன்.

உங்களோடு ஒர்க்‌ஷாப்பில் இருந்த சுஃப்யான்தான் வந்து வண்டியை இழுத்துக்கொண்டு போனார். ஃபேன் ஒயர் சீட்டு இரும்பில் உரசித் தோல் உரிந்திருக்கிறதாம். "ஏனுங்கக்கா, பியூஸ் போச்சுன்னா வண்டியக் காப்பாத்தீட்டு அது செத்திருக்குதுன்னு அர்த்தமுங்க. அதச் சாக உடாம பண்ணிப்போட்டீங்களே" என்றார்.

எல்லாவற்றையும் பிரித்து அவர் ஒழுங்கு செய்துவிட்டார். ஃபேனுக்குத் தனி ஒயர், சார்ஜருக்குத் தனி ஒயர், ஒவ்வொன்றுக்கும் பேட்டரி பக்கத்திலேயே அளவான பியூஸ். இரும்பு ஓட்டையில் ஒயர் உரசாமல் ரப்பர் வளையம் போட்டிருக்கிறார். இனி சாவி போட்டால்தான் எல்லாமே ஓடும், விளக்கும் அப்படித்தான். அதை மட்டும் பழையபடி வைத்துக் கொடுங்கள் என்று கேட்க வாய் வரைக்கும் வந்தது. நவ்யா பக்கத்தில் நின்றாள். கேட்கவில்லை.

பழைய ஒயரை உருவும்போது, டேஷ்போர்டுக்கு உள்ளே டேப்பால் ஒட்டின ஒரு ஸ்பேர் பியூஸ் கிடைத்தது. டேப் மேல் உங்கள் கோணல் எழுத்து: "அரசி, இது போனா ஏன் போச்சுன்னு பாரு." இரண்டு வருஷமாக என் முழங்காலுக்கு மேலேயே இருந்திருக்கிறது, எனக்குத் தெரியவில்லை. ஒர்க்‌ஷாப் வாசலிலேயே உட்கார்ந்து அழுதுவிட்டேன். சுஃப்யான் பாவம், டீ வாங்கப் போகிற மாதிரி எங்கேயோ போய்விட்டார்.

இப்போது வண்டியை நிறுத்தினால் விளக்கும் அணைந்துவிடுகிறது. சாயங்காலம் வீட்டு வாசலில் வந்து நின்றபிறகு சாவியைத் திருப்ப எனக்கு மனசு வருவதில்லை. சும்மா உட்கார்ந்திருக்கிறேன். நவ்யாதான் "எறங்கும்மா, பசிக்குது" என்று கதவைத் தட்டுகிறாள்.

கருகின ஒயர்த் துண்டை இந்தக் கவரில் வைத்திருக்கிறேன். திட்ட வேண்டியது உங்களுக்கு நிறைய இருக்கும். போனில் திட்டினால் கட் பண்ணிவிடுவேன். நேரில் வந்து, பேனட்டைத் தூக்கி வைத்து, என்னைப் பக்கத்தில் நிறுத்தி, ஆசை தீரத் திட்டுங்கள். உங்க இஷ்டம் என்று நான் சொன்னது பொய். கையெழுத்துப் போடாதீர்கள் மாமா. முருகன் உங்களைப் பத்திரமாக வாசலில் கொண்டுவந்து விடட்டும். அன்றைக்கு அந்த விளக்கை நீங்களே அணைத்துவிட்டு உள்ளே வாருங்கள்.

உங்கள்
அன்புக்கரசி