கூரையைத் தொடாத முக்காலி

1961 மார்ச் 5
ராகலையில் வாங்கிய பழைய மோட்டார் சைக்கிளை நான் வேலை செய்யும் தேயிலைத் தோட்டத்துக்குக் கொண்டுவந்தேன். பிரேக் கிடையாது, எஞ்சினும் பாதி வழியில் நின்றுவிட்டது. தள்ளிக்கொண்டு ஏறும்போது எதிரே வேலையை மேற்பார்க்கும் அதிகாரி கண்டாக்கையா. தொழிலாளி எவனும் அவர் முன்னால் சைக்கிளில் போகக்கூடாது, குடை பிடிக்கக்கூடாது. அது அவர் வைத்த சட்டம். நான் தள்ளுவதைப் பார்த்துத் தலையை ஆட்டினார். "இந்த மரியாதை எப்பவும் இருக்கணும்" என்றார்.

மரியாதையா? வண்டி ஓடல, தள்ளினேன்.

மார்ச் 7
பின்சக்கரத்தைக் கழற்றாமல் பிரேக்கைப் பார்க்க முடியாது. கழற்ற, வண்டியைத் தூக்கி நிறுத்த வேண்டும். எதை வைத்து? காலித் தேயிலைப் பெட்டிகளை அடுக்கிப் பார்த்தேன். பலகை பிளந்து வண்டி என் கால்மேல் சாய்ந்தது. பெருவிரல் வீங்கியிருக்கிறது.

மார்ச் 8
தொழிற்சாலை லொறியின் ஜாக்கி இருக்கிறது. கண்டாக்கையாவிடம் கேட்க வேண்டும். கேட்க மாட்டேன்.

மார்ச் 11
நாங்கள் குடியிருக்கும் லயத்து உத்திரத்தில் சங்கிலி மாட்டி வண்டியைத் தூக்கலாம் என்றிருந்தேன். எப்படியோ தெரிந்து கண்டாக்கையா ஆள் அனுப்பிவிட்டார்: தோட்டத்துக் கூரையில், சுவரில் எதையாவது மாட்டினால் பத்துச்சீட்டுதானாம். வேலையும் போகும், குடியிருக்கிற காம்பராவும் போகும்.

கொழுந்து பறித்துவிட்டு வந்த என் மனைவி சண்முகவடிவு எல்லாவற்றையும் கேட்டாள். "கொழுந்து நிறுக்கிற தராசு எந்தக் கூரையிலங்க தொங்குது? மூணு கம்பு கட்டின முக்காலியிலதானே" என்றாள்.

அட, எனக்கு ஏன் தோன்றவில்லை?

மார்ச் 19, ஞாயிறு
பழைய இரும்புக் கடையில் மூன்று குழாய் வாங்கி, உச்சியில் சேர்த்துக் கட்டி, சங்கிலியும் கப்பியும் மாட்டினேன். வாசலில் நிற்கிறது. இழுத்ததும் வண்டியின் பின்பக்கம் ஒரு சாண் எழும்பியது. சண்முகவடிவு சக்கரத்தைக் கையால் சுற்றிவிட்டுச் சிரித்தாள். கண்டாக்கையா வந்து சுற்றிச் சுற்றிப் பார்த்தார். கூரையையும் தொடவில்லை, சுவரையும் தொடவில்லை. திரும்பிப் போனார்.

ஏப்ரல் 2
எஞ்சினையும் பிரேக்கையும் சரிசெய்து ஓட்டினேன். வளைவில் கண்டாக்கையா நின்றிருந்தார். நான் இறங்கவில்லை.

ஏப்ரல் 4
கண்டாக்கையா என்னைப்பற்றி எல்லோரிடமும் சொல்கிறாராம்: பொன்னையாவின் வண்டிக்குப் பிரேக் இல்லை, பாவம், அதனால்தான் நிற்கவில்லை. அப்படியே இருந்துவிட்டுப் போகட்டும், வேலையாவது மிஞ்சும் என்கிறாள் சண்முகவடிவு.

விட்டுடவா? பெருவிரல் நகம் இன்னும் கறுத்துக் கிடக்கு.

ஏப்ரல் 5
விடிந்ததும், ஆட்கள் வேலைக்குக் கூடும் பெரட்டுக்களத்துக்கு ஓட்டிப் போனேன். எல்லோரும் பார்க்க, அவர் செருப்புக்கு ஒரு சாண் தள்ளி நிறுத்தினேன். உட்கார்ந்தபடியே சொன்னேன்: "பிரேக் நல்லாப் பிடிக்குதுங்க ஐயா."